கப்பலுக்குள் தச்சு வேலை: நம்ம பக்கத்திலிருந்து போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்

கொட்டகலை_உளி:

வணக்கம். ஹட்டனில் ஒரு தளபாடக் கடையில் வேலை செய்கிறேன். கட்டில், அலுமாரி, பென்ட்ரி கபட், இடைக்கிடை தோட்டத்துப் பங்களாக்களில் பழைய பலகைத் தரை மாற்றுவது, இவ்வளவுதான் என் வேலை. என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) நான்காம் மட்டம் முடித்த சான்றிதழ் கையில் இருக்கிறது. கொழும்பில் கப்பல் உள்வேலை எடுத்துச் செய்யும் ஒரு சப் கொன்ட்ராக்டர் ஆள் தேடுகிறாராம், மாமா முறையான ஒருவர் சொன்னார். கேபின் கட்டுவது, சீலிங் போடுவது, கட்டில் மேசை பொருத்துவது என்றார், அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச காலம் அங்கே நின்று பழகினால் வெளிநாட்டுக் கப்பல் கட்டும் யார்டுகளுக்கும் போகலாம் என்கிறார்கள்.

பென்ட்ரி அடிக்கிற எனக்கு இந்த வேலை பிடிபடுமா? என்ன மரம் பாவிக்கிறார்கள்? சொந்தச் சாமான்கள் கொண்டு போக வேண்டுமா? கப்பல் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். கடலையே ஒழுங்காகப் பார்த்ததில்லை நான்.

நோர்வூட்_ஜொய்னர்:

தம்பி, கடல் பார்க்காதது ஒரு குறை இல்லை. நான் வருடக்கணக்காக இந்த வேலையில் இருந்தேன், கப்பல் ஓடும்போது ஏறியதே இல்லை. கப்பல் கிளம்பும் முன்னால் நம்மை இறக்கி விடுவார்கள்.

மரத்தை முதலில் மறந்து விடுங்கள். சரக்குக் கப்பலில் கேபின் சுவர் பெனல்தான். இரண்டு பக்கமும் 0.6, 0.7 மி.மீ. கல்வனைஸ் தகடு, நடுவில் அழுத்திய ரொக்வூல் (கல்லை உருக்கி நூலாக்கிய பஞ்சு), மேலே பெயின்ட் அல்லது பி.வி.சி. படலம். தடிப்பு 25 அல்லது 50, அகலம் பெரும்பாலும் 550 அல்லது 600. எல்லாம் மி.மீ.தான், அடி அங்குலத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அங்கே யாராவது "முக்கால் அங்குலம்" என்றால் சிரிப்பார்கள்.

பெனல் நிறுத்துகிற விதம் இதுதான். இரும்பு டெக்கில், அதாவது கப்பலின் தளத்தில், கீழே ஒரு சனல், மேலே ஒரு சனல்; சனல் என்றால் பெனல் நுழைகிற பள்ளமுள்ள தகட்டுச் சட்டம். மேல் சனல் கொஞ்சம் ஆழமாக இருக்கும். பெனலைச் சாய்த்து மேலே நன்றாக ஏற்றி, நிமிர்த்தி, பிறகு கீழ்ச் சனலுக்குள் இறக்க வேண்டும். இறக்கிய பிறகும் மேலே கொஞ்சம் இடைவெளி மிஞ்சும், அது அப்படியே இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அந்த இடைவெளியைப் பார்த்து "அளவு குறைந்துவிட்டது" என்று ஆப்பு வைத்து இறுக்கப் பார்ப்பார்கள். கப்பல் கடலில் வளையும், மேல் டெக் அசையும். இடம் விடாவிட்டால் பெனல் வயிறு தள்ளும், இல்லாவிட்டால் இரவெல்லாம் கிறீச் கிறீச் என்று கத்தும். அடுத்த பெனல் முதல் பெனலின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும், அதனால் ஒரு மூலையில் தொடங்கினால் வரிசையாகத்தான் போக வேண்டும். கதவு நிலையும் ஒரு பெனல் மாதிரி அந்த வரிசையிலேயே வரும். சுவிட்சுக்கான குழாய் பெனலுக்குள் ஏற்கெனவே வைத்துத்தான் வருகிறது.

இப்போது முக்கியமான விஷயம். ரசமட்டம் வேலை செய்யாது. கப்பல் தண்ணீரில் இருந்தால் இன்று ஒரு பக்கம் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அது கொஞ்சம் சரிந்திருக்கும், நாளைக்கு வேறு பக்கம். டிரை டொக்கில் (தண்ணீரை வடித்துவிட்ட கட்டுத்தளத்தில்) கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாலும் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் சின்ன வித்தியாசம் இருக்கும். போதாததற்குச் சில டெக்குகளே நடுவில் உயர்ந்து ஓரம் தாழ்ந்து வளைவாக இருக்கும், தண்ணீர் வடிய அப்படிச் செய்வார்கள். தூக்குக்குண்டு போட்டுச் சுவர் நிறுத்தினால் கப்பலோடு ஒட்டாத சுவர்தான் நிற்கும். கப்பலின் நடுக்கோடு, பிரேம் (கப்பலின் விலா மாதிரியான இரும்புச் சட்டம்) இலக்கம், டெக்கிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் அடித்த கோடு, எல்லா அளவும் இவற்றிலிருந்துதான். மூலைமட்டமும் மூலைவிட்ட அளவும்தான் உங்கள் நண்பர்கள். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை வந்த மாதிரி.

டிக்கோயா_பழைய_சீவுளி:

நான் இழைப்புளியும் உளியும் பிடித்து வளர்ந்தவன். தேயிலை ஃபெக்டரிகளில் கொழுந்து வாட்டும் மாடிகளின் பலகைகளை மாற்றியிருக்கிறேன், பங்களாப் படிக்கட்டுகள் செய்திருக்கிறேன். இங்கே சொல்வதைப் பார்த்தால் இது தச்சு வேலையே இல்லை, தகடு மாட்டுகிற வேலை. இதற்கு என்.வி.கியூ எதற்கு, கையும் காலும் இருந்தால் போதுமே. பழைய கப்பல்களில் சாப்பாட்டு மண்டபம், படிக்கட்டு, சுவர் எல்லாம் மஹோகனியும் ஓக்கும் தேக்கும் என்று படத்தில் பார்த்திருக்கிறேன். அந்த வேலையைத் தூக்கியெறிந்துவிட்டுத் தகரத்தை மாட்டினால் அது முன்னேற்றமா?

இன்னொன்று, நம்ம பிள்ளைகள் எல்லாரும் கொழும்புக்கு ஓடிவிட்டால் இங்கே ஒரு கதவு இறுகினாலும் சீவிக் கொடுக்க ஆள் இல்லை. ஜூன் மாத மழையில் ஹட்டனில் எத்தனை கதவு பூட்ட முடியாமல் நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

நோர்வூட்_ஜொய்னர்:

ஐயா, கதவு விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் மரத்தை யாரும் அழகு பிடிக்காமல் தூக்கியெறியவில்லை, மரம் எரிந்தது. 1934 செப்டெம்பரில் மொரோ காஸில் என்ற பயணிகள் கப்பல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி கரைக்குப் பக்கத்தில் எரிந்தது, 137 பேர் இறந்தார்கள். உள்ளே முழுக்கப் பளபளவென்று மெருகேற்றிய மரப்பலகை. தீ ஓடுவதற்கு வேறென்ன வேண்டும்?

சரி, அது பழைய கதை என்று விட்டாலும் 1990 ஏப்ரல் 7 இருக்கிறது. ஸ்கண்டினேவியன் ஸ்டார், ஒஸ்லோவிலிருந்து டென்மார்க்குக்குப் போன பயணிகள் கப்பல், 159 பேர் இறந்தார்கள். அங்கே சுவர் மரமும் இல்லை. மேலே ஒட்டியிருந்தது நாம் பென்ட்ரி கபட்டுக்கு ஒட்டுகிற ஃபோர்மைக்கா ஜாதிதான், மெலமைன் லெமினேட். அது எரிந்தபோது வந்த புகையில் கார்பன் மொனொக்சைட்டும் சயனைட் வாயுவும் இருந்தன. நிறையப் பேரைக் கொன்றது புகைதான், நெருப்பு அவர்களிடம் வந்து சேரவே இல்லை. வழியிலும் கேபினிலும் படுத்தபடி, கதவைத் தேடியபடி போனார்கள்.

அதனால் இன்றைக்கு ஒரு மி.மீ. படலம் ஒட்டினாலும் கணக்குக் கேட்பார்கள். அலங்காரத்துக்கு ஒட்டுகிற எரியக்கூடிய மேற்பூச்சு ஒரு சதுர மீற்றருக்கு 45 மெகாஜூலுக்கு மேல் வெப்பம் தரக் கூடாது. அப்படி ஒட்டியவை எல்லாவற்றையும் சேர்த்தால், அந்த அறையின் சுவர் சீலிங் முழுவதும் 2.5 மி.மீ. தடிப்புக்கு மெல்லிய மரம் ஒட்டினால் எவ்வளவு வருமோ, அதைத் தாண்டக் கூடாது. ஐயா சொன்ன மஹோகனி இன்றும் உண்டு, எரியாத பலகைக்கு மேல் காகிதம் மாதிரிச் சீவி ஒட்டுவார்கள். அதை மூலையில் நூல் பிசகாமல் சேர்க்கத் தச்சன்தான் வேண்டும். பணக்காரர்களின் உல்லாசப் படகுகளில் அந்த வேலைக்குத் தனி மதிப்பு.

மஸ்கெலியா_மலை:

எரிகிறது என்றதும் எக்ஸ்பிரஸ் பேர்ள்தான் ஞாபகம் வந்தது. 2021 இல் கொழும்புக்கு வெளியே எரிந்து, கரையெல்லாம் பிளாஸ்டிக் குருணை வந்து ஒதுங்கியதே. அது அந்த வருடம் கட்டிய புதுக் கப்பல். அவ்வளவு சட்டம் இருந்தும் எரிந்ததே, அப்போது இந்தப் பெனல், ரொக்வூல் எல்லாம் எதற்கு?

நோர்வூட்_ஜொய்னர்:

அது சரக்கு எரிந்தது. கொள்கலன்களுக்குள் நைட்ரிக் அமிலம் இருந்தது, கேபின் சுவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்வேலைக்குப் பாடம் வேண்டுமென்றால் அதற்கு முந்தைய வருடத்தைப் பாருங்கள். 2020 செப்டெம்பரில் அம்பாறைக்கு நேரே கடலில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பலின் இயந்திர அறையில் தீ, ஒரு மாலுமி இறந்தார். இயந்திர அறைக்கு மேலேயும் பக்கத்திலேயும்தான் ஆட்கள் தூங்குகிற அறைகள். அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சுவரில்தான் நம்ம கை இருக்கிறது.

கொட்டகலை_உளி:

அண்ணே, ஏ-60, பி-15 என்று ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். அது என்ன? பெனலின் பெயரா?

நோர்வூட்_ஜொய்னர்:

பெயர் இல்லை, தாங்குகிற தரம். கப்பல் சுவர், டெக் எல்லாவற்றையும் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

ஏ என்றால் இரும்புச் சுவர். உலையில் வைத்துச் சோதிக்கும்போது ஒரு மணி நேரம் தீயும் புகையும் மறுபக்கம் போகக் கூடாது. அந்த ஒரு மணி நேர முடிவில் உலைக்குள் 945 பாகை அளவில் இருக்கும், யோசித்துப் பாருங்கள். பின்னால் வரும் இலக்கம், மறுபக்கம் எவ்வளவு நேரத்துக்குச் சூடேறாமல் இருக்கும் என்பது. ஏ-60 என்றால் அறுபது நிமிடம் வரை மறுபக்கத்தின் சராசரி வெப்பம் ஆரம்பத்தில் இருந்ததைவிட 140 பாகைக்கு மேல் கூடக் கூடாது, எந்த ஒரு புள்ளியிலும் 180 க்கு மேல் கூடக் கூடாது. ஏ-0 என்றால் அதே இரும்பு, ஆனால் மறுபக்கம் சூட்டுக்குக் கணக்கில்லை. பி என்பது நம்ம பெனல், அரை மணி நேரம் தீயைத் தடுத்தால் போதும். பி-15 என்றால் பதினைந்து நிமிடம் சூட்டையும் தடுக்கும். சி வெறுமனே எரியாத பொருள், அவ்வளவுதான்.

இதில் கை வேலை எங்கே வருகிறது என்றால், ஏ-60 சுவரில் முதலில் முள் மாதிரிக் கம்பிகளை வெல்டிங்கில் நட்டிருப்பார்கள். ரொக்வூலை அதில் குத்தி ஏற்றி, வாஷரைத் தள்ளிப் பூட்டுவோம். சுவரோடு மட்டும் நிறுத்தக் கூடாது. அந்தச் சுவரோடு வந்து சேர்கிற டெக்கிலும், டெக்கைத் தாங்குகிற வளைகளிலும், பக்கத்துச் சுவரிலும் 450 மி.மீ. தூரம் சுற்றிக் கொண்டு போக வேண்டும். இரும்பு சூட்டை இழுத்துக்கொண்டு ஓடும், சுவரை மூடிவிட்டு மூலையை விட்டால் சூடு மூலை வழியாக அடுத்த அறைக்குப் போய்விடும். பரிசோதகர் வந்தால் சுவரின் நடுவைப் பார்க்கவே மாட்டார். டோர்ச்சை எடுத்துக்கொண்டு நேரே மூலைக்குப் போவார், குழாய் போகிற ஓட்டைக்குப் போவார், சீலிங்குக்கு மேல் எட்டிப் பார்ப்பார். பெனல் எவ்வளவு அழகாக நின்றாலும் அவருக்குக் கவலையில்லை.

என்னைக் கேட்டால் இந்த வேலை முழுவதுமே இதுதான். கண்ணுக்குத் தெரிகிற பக்கம் ஹொட்டல் வேலை மாதிரித்தான் இருக்கும், சம்பளம் தருவது பின்பக்கத்துக்கு.

ஹாலிஎல_வயர்:

எலெக்ட்ரீஷியன் சார்பில் ஒரு சண்டை போட்டுவிட்டுப் போகிறேன். தச்சர்கள் எங்களைத்தான் திட்டுவார்கள், நாங்கள் ஓட்டை போட்டோமாம். உண்மையில் கேபிள் ஏ சுவரைத் தாண்டுகிற இடத்தில் முன்பே ஓர் இரும்புச் சட்டம் வெல்ட் செய்திருக்கும். அதற்குள் கேபிள் ஒவ்வொன்றுக்கும் அளவான ரப்பர்க் கட்டை வைத்து, மேலே அழுத்தி மூடுவோம், தீயும் தண்ணீரும் போகாது. அதை மூடி, சோதித்து, படம் எடுத்துக் கையெழுத்து வாங்கும் வரை பொறுக்காமல் பெனல் ஆட்கள் வந்து அடைத்து விடுவார்கள். அப்புறம் ஒரு கேபிள் கூடினால் கதவு நிலையிலிருந்து கழற்றிக்கொண்டு வர வேண்டியதுதான், பெனல்கள் வரிசையாகத்தானே மாட்டியிருக்கின்றன.

தம்பிக்குச் சொல்வது: எந்த அறையையும் மூடும் முன்னால் "வயர் முடிந்ததா, குழாய் முடிந்ததா, வெல்டிங் முடிந்ததா" என்று மூன்று பேரிடமும் கேளுங்கள். வெல்டிங்தான் மிக மோசம். பெனல் நின்ற பிறகு மறுபக்கத்து அறையில் ஒருவன் கொக்கி வெல்ட் பண்ணுவான், இந்தப் பக்கம் பெயின்ட் கருகும். அனுமதிச் சீட்டும் தீயைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு ஆளும் இல்லாமல் தீப்பொறி வேலையே நடக்கக் கூடாது, வேலை முடிந்த பிறகும் அந்த ஆள் உடனே போகக் கூடாது. அவசர நாட்களில் அந்த ஆளைத்தான் முதலில் வேறு வேலைக்கு இழுப்பார்கள்.

பதுளை_வரைபடம்:

பெண் குரலும் ஒன்று இருக்கட்டும். நான் கப்பல் உள்வேலைக்கு ஷொப் ட்ரோயிங் (வேலை செய்கிறவர்கள் பார்த்துச் செய்கிற விரிவான வரைபடம்) போடுகிறேன், பதுளையில் வீட்டிலிருந்தே. கரண்ட் இருந்தால்.

நோர்வூட் அண்ணன் சொன்ன எல்லாம் சரி. ஆனால் சண்டை உண்மையில் தொடங்குவது சீலிங்குக்கு மேலேதான். கடல்சார் தொழிலாளர் சமவாயம், 2006 என்ற சர்வதேச ஒப்பந்தப்படி மாலுமிகள் தங்கும் இடத்தில் தலைக்கு மேல் உயரம் 203 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கட்டில் உள்ளளவு 198 நீளம், 80 அகலம். ஒருவர் தங்கும் அறையின் தரை 3,000 தொன்னுக்குக் கீழான கப்பலில் 4.5 சதுர மீற்றர், 10,000 க்கு மேல் போனால் 7. இந்தத் தொன் நிறை இல்லை, கப்பலின் கொள்ளளவை வைத்துப் போடுகிற கணக்கு. இனி மேலே பாருங்கள். இரும்பு வளை ஒன்று கீழே தொங்குகிறது, அதற்குக் கீழே காற்றுக் குழாய், அதற்குக் கீழே தண்ணீர்க் குழாய், கேபிள் தட்டு, ஸ்பிரிங்க்ளர் குழாய். எல்லாரும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். ட்ரோயிங்கில் நான் எல்லாவற்றையும் அடுக்கி விடுவேன். யார்டில் ரொக்வூல் 60, 70 மி.மீ. கீழே இறங்கியதை யாரோ கணக்கில் எடுக்காமல் விட்டிருப்பார்கள், குழாயும் அவ்வளவுக்குக் கீழே வரும், 203 போய்விடும். பிறகு "அக்கா, 198 ஆக்கினால் என்ன" என்று கேட்பார்கள். முடியாது. தரைக்கு மேல் ஒரு வரி ஓடு சேர்த்தாலும் அதில் பிரச்சினை வரும்.

இன்னொன்று, தரை. கேபினுக்குக் கீழே இயந்திர அறை இருந்தால் டெக்கின் மேல் ரொக்வூல் பாய், அதன் மேல் தகடோ சீமெந்துக் கலவையோ, இப்படித் தரையே மிதக்கும். அது இரும்பையும் சுவரையும் எங்கேயும் தொடக் கூடாது, தொட்டால் சத்தம் நேரே ஏறிவிடும். 10,000 தொன்னும் அதற்கு மேலும் உள்ள புதிய கப்பல்களில் கேபினுக்குள் சத்தம் 55 டெசிபலைத் தாண்டக் கூடாது, சின்னவற்றில் 60. 2014 ஜூலையிலிருந்து இது கட்டாயம். ஒரேயொரு ஸ்க்ரூ ஆணி தரையைத் துளைத்து இரும்பில் இறங்கினாலும் அந்தக் கட்டிலில் படுப்பவருக்கு இயந்திரம் தலையணைக்குள் இருக்கும். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது.

டிக்கோயா_பழைய_சீவுளி:

மகள் சொன்னது புரிகிறது. ஆனாலும் ஒரு கேள்வி. பெனல் வருகிறது, சனல் வருகிறது, கட்டில் வருகிறது. பாத்ரூம் கூடப் பெட்டியாக முழுசாக வருகிறது என்று கேள்விப்பட்டேன். எல்லாம் எங்கேயோ செய்து வந்தால் தச்சன் எதைச் செய்கிறான்?

பதுளை_வரைபடம்:

வருகிறதுதான் ஐயா. குளியலறைப் பெட்டி தரைத் தட்டு, சுவர், குழாய், கண்ணாடி எல்லாவற்றோடும் வரும். பக்கத்து இரும்பு மூடும் முன்பே அதை உள்ளே தள்ளிவிட வேண்டும், மூடிய பிறகு கதவு வழியாகப் போகாது. ஆனால் அது வந்து உட்கார்கிற டெக் நேராக இருக்காது. வெல்டிங் சூட்டில் இரும்புத் தகடு அலை அலையாக நிற்கும். பெட்டி நேராக இருக்கும், டெக் கோணலாக இருக்கும், நடுவில் அதைச் சமாளிப்பது யார்? கப்பலின் வெளிப்பக்கம் வளைவாகப் போகிற இடத்தில் கடைசிப் பெனலை அந்த வளைவுக்கு வெட்டுவது யார்? ட்ரோயிங்கில் நான் ஒரு கோடு போட்டு "இடத்தில் அளந்து வெட்டவும்" என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்வேன்.

பண்டாரவளை_ஸ்டூவர்ட்:

கட்டுகிறவர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அதற்குள் வாழ்கிறவன் நான். சரக்குக் கப்பல், சாப்பாட்டு அறைப் பக்கம் வேலை, ஒரு கொன்ட்ராக்ட் என்றால் மாதக்கணக்கில் அதே கேபின்.

கட்டில் கப்பலின் நீளப்பாட்டுக்கு இருந்தால் தூங்கலாம். குறுக்கே போட்டிருந்தால் கப்பல் உருளும்போது ஒரு முறை தலை கீழே, ஒரு முறை கால் கீழே. லாச்சிக்குப் பூட்டு இல்லாவிட்டால் அது இரவில் தானே திறந்து தானே மூடும். கதிரையைத் தரையோடு கட்ட வளையம் வேண்டும், மேசை ஓரத்தில் ஒரு விளிம்பு வேண்டும், கோப்பை நிற்க. சுவரில் சட்டை தொங்கவிடுகிற கொக்கி இருக்கிறதே, அதை எங்கே போடுவது என்று யாரும் யோசிப்பதில்லை. கடல் கொஞ்சம் கோபமாக இருந்தால் ஜெக்கெட் ஆடும், அதன் சிப் பெனலில் டக் டக் டக், மூன்று நாள். கொக்கியை அலுமாரியின் பக்கத்தில் போட்டால் முடிந்தது.

சீலிங் பெனல் ஒன்று காற்று வருகிற வாய்க்குப் பக்கத்தில் எப்போதும் நடுங்கும். எத்தனை கப்பலில் பார்த்தாலும் அந்த இடுக்கில் முன்பு இருந்தவன் மடித்துச் செருகிய காட்போட் துண்டு இருக்கும். அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

கேபின் கதவின் அடியில் உதைத்தால் கழன்று விழுகிற ஒரு பலகை இருக்கும், கதவு சிக்கிக்கொண்டால் ஊர்ந்து வெளியே வர. அதற்கு நேரே அலுமாரி வைத்திருந்ததை ஒரு கப்பலில் பார்த்தேன். ட்ரோயிங் போடுகிறவர்கள், மாட்டுகிறவர்கள் எல்லாரும் இதை ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

பதுளை_வரைபடம்:

அலுமாரி விஷயம் என் மேல் பாயாதது சந்தோஷம். கொக்கியைக் குறித்துக்கொண்டேன், உண்மையாகவே.

மஸ்கெலியா_மலை:

ரொக்வூல் சுவாசத்துக்குக் கூடாது, பழைய கப்பலில் அஸ்பெஸ்டஸ் இருக்கிறது என்கிறார்களே? ஊரில் தோட்டத்து லயன் வீட்டுக் கூரைத் தகட்டுக்கே பயப்படுகிறோம்.

நோர்வூட்_ஜொய்னர்:

இரண்டும் வேறு வேறு. ரொக்வூல் அரிக்கும், கழுத்திலும் மணிக்கட்டிலும் ஏறும். முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க், கண்ணாடி போட்டு வேலை செய்ய வேண்டும். முடிந்ததும் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம். மலைநாட்டுக் குளிரில் வளர்ந்தவர்களுக்கு அது பழக்கம்தானே.

அஸ்பெஸ்டஸ் வேறு ஆபத்து. புதிதாகப் போடுவது 2002 இல் பெரும்பாலும் நின்றது, 2011 ஜனவரியிலிருந்து முழுவதும் தடை. அதற்கு முந்தைய கப்பல் பழுதுக்கு வந்து, பழைய சாம்பல் நிறப் பலகையைக் கழற்றச் சொன்னால், சோதித்த தாளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் கை வைக்காதீர்கள். வேலையை மேற்பார்க்கிற போமன் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

கொட்டகலை_உளி:

எல்லாருக்கும் நன்றி. கொழும்பில் வேலை என்பது சரி. வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம் என்று ஏஜென்சி ஒன்றும் பேசுகிறது, முன்பணம் கேட்கிறார்கள். அதோடு டிரேட் டெஸ்ட் (கைவேலைச் சோதனை) இருக்கிறதாம், அதில் என்ன செய்யச் சொல்வார்கள்?

ஹாலிஎல_வயர்:

பணம் கொடுக்கும் முன்னால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த ஏஜென்சிக்கு நடப்பு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, உங்கள் வேலைக்கு வெளிநாட்டுக் கம்பனி ஆள் கேட்ட ஓடருக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு, முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பையனை டூரிஸ்ட் விசாவில் அனுப்பிவிட்டு "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்றார்கள், மாறவில்லை. கடவுச்சீட்டை யாரிடமும் "வைத்துக்கொள்ள" கொடுக்காதீர்கள்.

நோர்வூட்_ஜொய்னர்:

முதலில் கொழும்பில் பழகுங்கள் என்பதுதான் என் எண்ணம். வெளியே போவதற்கு முன் ஒரு கப்பலாவது வெறும் இரும்பிலிருந்து திரைச்சீலை வரை பார்த்திருக்க வேண்டும். நம்ம நாட்டில் பழுது வேலை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். லட்சத்தீவுக்கு 400 பேர் போகிற பயணிகள் கப்பல்கள் கொழும்பு டொக்யார்டில் கட்டியவைதான். ஜப்பானுக்குக் கடலடிக் கேபிள் போடுகிற கப்பலும் 2019 இல் அங்கிருந்து போனது. பயணிகள் கப்பல் கிடைத்தால் விடாதீர்கள், அதில் எல்லா வகை வேலையும் இருக்கும்.

டெஸ்டில் மூன்றுதான் நான் பார்த்தது. ஒரு ட்ரோயிங்கைக் கொடுத்து இந்தப் பெனலின் அளவைச் சொல் என்பார்கள். சனல் இரண்டையும் மூலைக்கு 45 இல் வெட்டிச் சேர்க்கச் சொல்வார்கள். மூன்றாவது, வளைந்த இரும்பு ஒன்றை நிறுத்தி, அதோடு இடைவெளி தெரியாமல் ஒரு பலகையைப் பொருத்து என்பார்கள். பையன்கள் விழுவது மூன்றாவதில்தான். சாமான் என்றால் நல்ல டேப், மூலைமட்டம், தகடு வெட்டுகிற கத்தரி, ரிவெட் கன், கார்ட்லெஸ் டிரில், அவ்வளவு போதும், பெரியது எல்லாம் அங்கே தருவார்கள்.

டிக்கோயா_பழைய_சீவுளி:

மூன்றாவதுக்கு நான் சொல்கிறேன், அது எனக்குத் தெரிந்த வேலை. பங்களாக்களில் வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவருக்குச் சுவரோரப் பலகை போடும்போது தினமும் செய்தது. தம்பி, பலகையை வளைவுக்குக் கிட்டே, அசையாமல் கிளாம்ப் போட்டு நிறுத்து. மிக அகலமான இடைவெளி எவ்வளவோ அந்த அளவுக்குக் கவராயத்தைத் திற, அதன் பிறகு அதை மாற்றாதே. ஒரு கால் இரும்பைத் தொட்டபடி, மற்றக் காலில் பென்சில், மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கவராயத்தைத் திருப்பாமல் பிடி, இரண்டு காலும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், சரிந்தால் கோடு பொய் சொல்லும். கோட்டுக்கு வெளியே வெட்டி, பின்பக்கத்தை உள்ளே கொஞ்சம் சாய்த்துச் சீவு, முன்பக்க விளிம்பு மட்டும் போய்த் தொடட்டும். தகட்டுப் பெனலில் சாய்த்துச் சீவ முடியாது, அதற்கு நோர்வூட் தம்பி வழி சொல்லட்டும்.

நோர்வூட்_ஜொய்னர்:

தகட்டில் வெட்டிய ஓரத்தை அப்படியே விடக் கூடாது ஐயா, ரொக்வூல் தெரியும், கையும் கிழியும். கோட்டுக்கு 15 மி.மீ. உள்ளே வெட்டி, ஓரத்துக்கு வளைகிற சனல் ஒன்றை மாட்டுவோம், மிச்ச இடைவெளியை அதன் உதடு மறைக்கும். கோடு மட்டும் நீங்கள் சொன்ன மாதிரியேதான். தம்பி, கவராயத்தையும் சாமான் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அதை அங்கே தரமாட்டார்கள்.